ஒரு வயதுப் பாப்பாவுக்குத் தருமபுரியில் துணி எடுத்த கதை

தம்பி மகளுக்கு முதல் பிறந்தநாள். ஜெர்மனியிலிருந்து நான் கொண்டுபோன கவுனைப் பெட்டி திறந்த அன்றே அம்மா ஒதுக்கிவிட்டார். கருநீலம். "மொதப் பொறந்தநாளுக்குக் கறுப்பாட்டம் ஒண்ணையா புள்ளைக்குப் போடறது? அத்தை எடுத்ததுன்னு நாலு பேரு பாப்பாங்க. டவுனுக்குப் போயி நல்லதா எடுத்துட்டு வா கண்ணு." விமானம், பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகக் கார், வங்கி வேலை, ஆதார் வேலை எல்லாம் இந்த முறை ஒழுங்காகவே நடந்தன. இந்தத் துணி விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது துணி எடுப்பது எப்படி என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பாயில் உட்கார வைத்து முன்னால் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். முடிவு பண்ண முடியாவிட்டால் முதலாளியே மூன்று நான்கை மஞ்சப்பையில் வைத்து, "வீட்ல போட்டுப் பாத்துட்டு வேணாங்கறத சாயங்காலம் குடுத்தனுப்புங்க" என்பார். நோட்டில் அப்பா பெயரை எழுதிக்கொள்வதோடு சரி. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

தம்பி கொண்டுபோய் விட்டது மூன்று மாடிக் கடை. குழந்தைகளுக்கு இரண்டாவது மாடி. "எத்தனை வயசுக்கா?" என்றாள் விற்பனைப் பெண். ஒன்று என்றதும் 18 சைஸ் வரிசைக்குக் கூட்டிப்போனாள். ஜெர்மனியில் குழந்தைத் துணியின் சைஸ் என்பது குழந்தையின் உயரம். 80 என்று போட்டிருந்தால் 80 சென்டிமீட்டர் பிள்ளைக்கு என்று அர்த்தம். இங்கே வயதைச் சொன்னால் ஒரு நம்பர். ஆனால் அந்தப் பெண் உடனே, "பாப்பா பூசினாப்ல இருக்குமா, ஒல்லியாக்கா?" என்று கேட்டாள். அங்கே யாரும் இப்படி விசாரித்ததில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் சங்கடம். எதை எடுத்தாலும் வலைத்துணி. அதன்மேல் ஜிகினா, மணி, முதுகில் நீள நாடா. காட்டன் இருக்கா என்றால், "பர்த்டேக்கு யாருக்கா காட்டன் எடுக்கறாங்க? பார்ட்டிவேர்ல வராதுக்கா" என்கிறாள். பட்டுப் பாவாடை கேட்டேன். வந்தது தொட்டவுடனே வழுக்கிப்போகிற பாலியஸ்டர். நாலு ரோட்டுப் பக்கம் பட்டுக்கூடு அங்காடி வைத்து, விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கூடு கொண்டுவந்து ஏலம் விடுகிற ஊர் இது. இந்த ஊர்க் கடையில் ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒரு முழம் நல்ல பட்டு இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத்தான் பட்டது. ஐரோப்பாவில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று துணியிலேயே எழுதியாக வேண்டும். இங்கே நான் புரட்டிய சீட்டுகளில் விலையும் பார்கோடும்தான்.

அந்தப் பெண் நான் இருந்த ஒன்றேகால் மணி நேரமும் நின்றுகொண்டே இருந்தாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்தது. அந்த மாடியில் நான் ஒரு ஸ்டூல்கூடப் பார்க்கவில்லை.

அம்மா இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். 1,850 ரூபாய்க்கு இளஞ்சிவப்பில் ஒரு வலைக் கவுன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் போட்டுப் பார்த்தோம். பத்து நிமிஷம் தாங்கவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதாள். கழற்றினால் அக்குளிலும் கழுத்திலும் சிவப்பாகக் கோடு. சித்திரை வெயிலில் அந்தத் துணி! அதைவிட, நெஞ்சில் தைத்திருந்த மணிச்சரம் நூல் விட்டு, ஒரு மணி அவள் வாய்க்குள் போயிருந்தது. தம்பி மனைவி விரல்விட்டு எடுத்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சின்னக் குழந்தைகளின் உடுப்பில் கழுத்துப் பக்கம் கயிறு, நாடா கூடாது என்று ஐரோப்பாவில் பாதுகாப்புத் தரநிலை இருக்கிறது. இத்தனை வருஷமாக அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

மறுநாள் காலையில் கவுன், பில், உதிர்ந்த மணிகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் துணியைப் பிரிக்கவே இல்லை. "டேக் கழட்டிட்டீங்களேம்மா" என்றார். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்த வரியை விரலால் காட்டினார். எனக்குப் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்றால் நான் பேசியிருக்க மாட்டேன். ஜெர்மனியிலும் நேரில் வாங்கிய நல்ல துணியைத் திருப்பித் தரச் சட்ட உரிமை கிடையாது, கடைக்காரர்கள் நல்லெண்ணத்தில் வாங்கிக்கொள்வதுதான். 14 நாள் உரிமை ஆன்லைனில் வாங்குவதற்கு. ஆனால் இது பழுதான பொருள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். மணிகளை மேஜைமேல் வைத்து, "இது எங்க பாப்பா வாயிலிருந்து எடுத்ததுங்க. 1915க்குக் கூப்பிடட்டுங்களா?" என்றேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். மேலாளர் வந்தார், இரண்டு இடத்துக்குப் போன் பேசினார். நாற்பது நிமிஷம் கழித்துப் பணமாக இல்லை, அதே தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சீட்டு கிடைத்தது. பணத்துக்காக இன்னும் நின்றிருப்பேன், மறுநாள் பிறந்தநாள்.

நேற்றைய பெண்தான் வழி சொன்னாள். "கீழ கட்பீஸ்ல நல்ல காட்டன் இருக்குதுக்கா. எடுத்துத் தெச்சுப் போடுங்க, எங்கக்கா புள்ளைக்கு அப்படித்தான்." மஞ்சளில் சின்னச் சின்னப் பூப்போட்ட துணி ஒன்றரை மீட்டர், உள்ளுக்கு மல் துணி ஒரு மீட்டர். மிச்சப் பணத்துக்கு அம்மாவுக்குப் புடவையும் வீட்டுக்குத் துண்டுகளும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு திண்ணையில் மிஷின் போட்டிருக்கிற டெய்லர், பிள்ளையைக் கூட்டிவராமல் கத்தரிக்க மாட்டேன் என்றுவிட்டார். கூட்டிப்போனோம். மிஷின் மேஜையில் உட்காரவைத்து, டேப்பை அவள் கையில் ஒரு முனை கொடுத்துவிட்டே கழுத்து, மார்பு, கை எல்லாம் அளந்தார். "முதுகுல பொத்தான் வெச்சா படுக்கறப்ப உறுத்தும், தோள்ல வெச்சிடறேன். தையல் பிசிறு மேல படாம மல் துணிய உள்ள குடுக்கறேன். ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் உள்தையல் விட்டிருக்கேன், தீபாவளிக்குப் பிரிச்சு விட்டுக்கங்க." இந்த உள்தையலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது! ஒன்பது மணிக்கு வாங்கிக்கொண்டோம். கூலி 200 ரூபாய்.

காலையில் அம்மா ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்தார். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு தவழ்ந்தாள், கேசரி கொட்டிக்கொண்டாள், கேக் வெட்டுவதற்கு முன்பே அதோடு தூங்கியும் விட்டாள்.

கருநீலக் கவுன் பீரோவில் இருக்கிறது. காது குத்தி முடித்த பிறகு போடலாமாம். அதற்குள் பத்தாமல் போய்விடும் என்றேன். "ஏன், அதுல உள்தையல் விடலியா?" என்று கேட்கிறார் அம்மா.