வீட்டு மோனோபிளாக் மோட்டார்: எச்.பி.யைப் பார்க்காதீர்கள், ஹெட்டைப் பாருங்கள்

சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் முதலில் எடுத்து வைப்பது 1 எச்.பி. செல்ஃப் பிரைமிங் (தானே காற்றை வெளியேற்றி உறிஞ்சும்) மோனோபிளாக். தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்கு அது அதிகம். சம்பின் ஆழம் 2 மீட்டர், தரையிலிருந்து தொட்டியின் வாய்வரை 9 மீட்டர், நாலைந்து எல்போவுக்கும் (குழாய் வளைவு) குழாய் உரசலுக்கும் 2 மீட்டர் என்று வைத்தால் மொத்த ஹெட், அதாவது தண்ணீரைத் தள்ள வேண்டிய உயரம், 13 மீட்டர்தான். இந்த உயரத்துக்கு அரை எச்.பி. தாராளம். 1,000 லிட்டர் தொட்டி ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

கிரேக்க மொழியிலிருந்து வந்த 'மோனோ' என்றால் ஒற்றை. இந்த மோட்டாரின் பலம் அந்த ஒற்றைத்தனத்தில்தான் இருக்கிறது. மோட்டாரின் ஷாஃப்டே நீண்டு வந்து, அதன் நுனியில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உட்கார்ந்திருக்கும். பெல்ட் இல்லை, கப்ளிங் இல்லை, இரண்டையும் நேர்கோட்டில் நிறுத்தும் வேலையும் இல்லை. தேய்கிற பாகங்கள் இரண்டு பேரிங், ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் ஒரு மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர், அவ்வளவுதான். கோயம்புத்தூர் தயாரிப்பாக இருந்தால் இவை தமிழ்நாட்டில் சிறிய ஊர்களில்கூடக் கிடைக்கும். வெளியூர் மலிவு மாடல்களைவிட இதற்கு நூறு, இருநூறு கூடக் கொடுக்கலாம்.

வீட்டு மாடல்களுக்குள் இருப்பது பெரும்பாலும் ரீஜெனரேடிவ் வகை பித்தளை இம்பெல்லர். விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பல் வெட்டிய தட்டு அது. சிறிய மோட்டாரிலேயே நல்ல உயரத்துக்குத் தள்ளும். அதற்கு விலையாக மின்சாரம் கூடுதலாகத் தின்னும். 1,000 லிட்டரை 15 மீட்டர் ஏற்றக் கணக்குப்படி 0.04 யூனிட் போதும். இந்த வகை அதைப்போல் சில மடங்கு எடுக்கும். தினம் ஒரு தொட்டி ஏற்றும் வீட்டில் அது பெரிய தொகை இல்லை. தோட்டத்துக்கு மணிக்கணக்கில் ஓட்டினால் பில்லில் தெரியும். அங்கே தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசும் சென்ட்ரிபியூகல் மோனோபிளாக்தான் சரி.

பிளம்பர்களே அடிக்கடி தவறவிடும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. சென்ட்ரிபியூகலில் டெலிவரி வால்வை (தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வு) கொஞ்சம் மூடினால் லோடு குறையும், ஆம்பியர் இறங்கும். ரீஜெனரேடிவில் நேர்மாறு. மூட மூட அழுத்தம் ஏறும், ஆம்பியரும் ஏறும், மோட்டார் கொதிக்கும். அதனால் இந்த வகையில் கேட் வால்வை எப்போதும் முழுதாகத் திறந்தே வையுங்கள். பொருத்தி முடித்ததும் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) போட்டு ஆம்பியரை நேம் பிளேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூடுதலாகக் காட்டினால் வால்வு, அடைப்பு, குறைந்த வோல்டேஜ் என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

'செல்ஃப் பிரைமிங்' என்றால் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று பொருளல்ல. முதல் தடவை பிளக்கைக் கழற்றி கேசிங் (இம்பெல்லரை மூடியிருக்கும் கூடு) நிறைய ஊற்றியாக வேண்டும். அந்தத் தண்ணீர்தான் காற்றை வெளியே தள்ளி உறிஞ்சலைத் தொடங்கி வைக்கிறது. குழாயின் அடிநுனியில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வு போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அதைச் சம்பின் அடியிலிருந்து 30 செ.மீ. தூக்கி வைத்தால் வண்டல் ஏறாது. சக்‌ஷன் குழாய் (சம்பிலிருந்து உறிஞ்சுவது) மோட்டாரை நோக்கிச் சிறிது ஏறுமுகமாகவே போகட்டும். நடுவில் கூன் விழுந்தால் அங்கே காற்று தங்கிவிடும். சக்‌ஷன் ஆழம் 6 மீட்டரைத் தாண்டினால் இந்த மோட்டாரை நம்ப வேண்டாம்.

சம்பு காலியான பிறகும் ஓடுவதுதான் இதைக் கொல்லும். கேசிங்கில் மிச்சமிருக்கும் தண்ணீர் சில நிமிடத்தில் சூடேறி ஆவியாகும், சீலின் கார்பன் முகம் வெந்து கீறல் விடும். பிறகு பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே சொட்டத் தொடங்கும். அந்தச் சொட்டைச் சின்ன விஷயமாக விடக்கூடாது. தண்ணீர் பேரிங்குக்குள் போய், அங்கிருந்து மோட்டாரின் கம்பிச் சுற்றான காயிலுக்குப் போகும். சீல் மாற்றும்போது கார்பன், செராமிக் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், முகத்தில் விரல் பிசுக்கு படக்கூடாது. கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு நடுவே வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) உள்ள மாடல்களில் பழைய தடிமனிலேயே புதிதும் போட வேண்டும். தடித்த ரப்பர் பேக்கிங் வெட்டிப் போட்டால் இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் உள்ள இடைவெளி கூடி, மாடிவரை தண்ணீர் ஏறாது.

அந்த நுண்ணிய இடைவெளிதான் இந்த வகையின் பலவீனமும். மணல் வரும் கிணறு, போர் எதற்கும் இதை வாங்காதீர்கள். சில மாதங்களில் பல் தேய்ந்துவிடும். நாலைந்து வாரம் ஓட்டாமல் விட்டாலும் உப்பு படிந்து இம்பெல்லர் இறுகிக்கொள்ளும். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்' என்ற சத்தம் மட்டும் வரும், சுற்றாது. உடனே அணையுங்கள், சில விநாடிகள் தாண்டினாலே காயில் சூடேறும். மெயினை அணைத்துவிட்டு, ஃபேன் பக்கம் ஷாஃப்ட் நுனியில் உள்ள வெட்டில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருப்பினால் பெரும்பாலும் விடுபடும். கையால் தாராளமாகச் சுற்றியும் மோட்டார் கிளம்பவில்லை என்றால் மோட்டாரைக் கிளப்ப உதவும் கண்டன்சர் (கெப்பாசிட்டர்) போயிருக்கும். நேம் பிளேட்டில் உள்ள அதே மைக்ரோஃபாரட் அளவிலேயே மாற்றுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை: காப்பர் வைண்டிங்கா அலுமினியமா, உள்ளே தெர்மல் ஓவர்லோடு புரொடெக்டர் (சூடேறினால் தானே அணைக்கும் பாகம்) இருக்கிறதா, இம்பெல்லர் பித்தளையா பிளாஸ்டிக்கா. ஐ.எஸ். 8472 என்பது ரீஜெனரேடிவ் பம்புக்கான தரம், சென்ட்ரிபியூகலுக்கு ஐ.எஸ். 9079. நேம் பிளேட்டில் ஹெட் ரேஞ்ச் அச்சிட்டிருக்கும். உங்கள் வீட்டு ஹெட் அதன் நடுவில் விழ வேண்டும். உச்ச எண்ணுக்குப் பக்கத்தில் விழுந்தால் தண்ணீர் நூலாகத்தான் வரும். உலர் ஓட்டத்தில் எரிந்த காயிலுக்கு வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. அதனால் சம்பில் தண்ணீர் தீர்ந்தால் மோட்டாரை நிறுத்தும் ஒரு ஃப்ளோட் சுவிட்சையும் அன்றே சேர்த்து வாங்கிப் பொருத்திவிடுங்கள்.