ஆன்டிவைரஸ் போடுறோம்னு 6,850 ரூபாயைப் பிடுங்கிட்டாங்க – சேலத்துக்காரங்க கொஞ்சம் கவனிங்க

6,850 ரூபாய். தொகையை முதல்லயே சொல்லிடறேன், இந்த எரிச்சல்ல மத்ததெல்லாம் முன்னப்பின்னத்தான் வரும். சேலம் டவுனுக்குள்ள ஒரு காம்ப்ளெக்ஸ் மாடியில இருக்கிற கம்ப்யூட்டர் சேல்ஸ் அண்ட் சர்வீஸ் கடை. பேர் போடல. போட்டா நாளைக்கே அவதூறு, வக்கீல் நோட்டீஸ்னு கிளம்புவாங்க, அதுக்கு அலைய எனக்குத் தெம்பில்ல. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம், வைரஸ் வந்தா எப்படிச் சுத்தம் பண்றதுன்னு இந்தக் கூத்துல தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் கடைசியில விவரமா எழுதுறேன். அதுக்கு முன்னாடி நடந்ததைக் கேளுங்க.

சிவதாபுரம், பனங்காடு பக்கம் சில கொலுசுப் பட்டறைகளுக்கு வீட்டுல இருந்தே டேலியில கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கிறேன். விண்டோஸ் 10 போட்ட பழைய டெஸ்க்டாப். அதே மெஷின்லதான் பையனோட படிப்பும், ஓசி கிரிக்கெட்டும். ஒரு நாள் ஸ்க்ரீன்ல வலது பக்கம் கீழ் மூலையில, பிரபலமான ஒரு ஆன்டிவைரஸ் லோகோவோட ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ் இருக்கு, லைசென்ஸ் முடிஞ்சிருச்சு, இன்னைக்கே புதுப்பிங்கன்னு. மூடினா இன்னொண்ணு. டணிங் டணிங்னு சத்தம் வேற. இத்தனைக்கும் அந்த ஆன்டிவைரஸை நாங்க எந்தக் காலத்துலயும் போட்டதே இல்ல. ரிட்டர்ன் தேதி நெருங்குது, ஊரான் கணக்கெல்லாம் உள்ள இருக்கு. சிபியூவைக் கழட்டி வண்டியில வச்சுக்கிட்டு நானும் வீட்டுக்காரரும் கிளம்பிட்டோம்.

கடைக்காரரைப் பத்திச் சொல்லணும். நல்ல மனுஷன் மாதிரியே இருந்தார், அதான் எனக்கு இன்னும் ஆறல. உட்காருங்கக்கான்னு ஃபேனை எங்க பக்கம் திருப்பி விட்டார். டீ சொன்னார். என்ன வேலை பண்றீங்கன்னு கேட்டார். பட்டறைக் கணக்குன்னு சொன்னதும், "அய்யோ, என் மச்சானும் செவ்வாப்பேட்டைல வெள்ளி வேலைதாங்கக்கா"ன்னார். அந்த ஒரு வார்த்தையில நம்ம ஆளுன்னு மனசு இறங்கிருச்சு. அப்புறம் மானிட்டரை எங்க பக்கம் திருப்பினார். என்னமோ ரெண்டு மூணு க்ளிக் பண்ணினார். ஒரு நீளமான பட்டியல் வந்தது. வரிசையா சிவப்பு வட்டம், மஞ்சள் முக்கோணம். மவுஸை உருட்ட உருட்ட வந்துக்கிட்டே இருக்கு. "பாத்தீங்களாக்கா, எல்லாம் வைரஸ் பண்ணின வேலை. இந்த நிமிஷம் உங்க பேங்க் பாஸ்வேர்டெல்லாம் வெளிய போய்க்கிட்டு இருக்கு."

நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே போன எடுத்து பேலன்ஸ் பார்த்துக்கிட்டு இருந்தார்.

விண்டோஸ்லயே டிஃபெண்டர்னு ஒரு ஆன்டிவைரஸ் இருக்காமே தம்பின்னு கேட்டேன். பையன் எப்பவோ சொன்னது. சிரிச்சார். "அது பேருக்குத்தாங்கக்கா. அதுவுமில்லாம விண்டோஸ் 10ஐ மைக்ரோசாஃப்டே கைகழுவிட்டான். இந்த ஆன்டிவைரஸைப் போட்டுட்டா அப்டேட்டே தேவையில்ல, மூணு வருஷத்துக்கு நீங்க திரும்பிப் பார்க்க வேணாம்." வைரஸ் கிளீனிங் 1,200. ரெஜிஸ்ட்ரி ரிப்பேராம், 1,500. மூணு வருஷ ஆன்டிவைரஸ் 4,150. மொத்தம் 6,850. பில் கேட்டேன். கணக்கு எழுதுறவ பில் கேக்காம இருப்பேனா? "ஜிஎஸ்டி பில்னா 18 பர்சென்ட் சேருங்கக்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு"ன்னு ஒரு எஸ்டிமேட் சீட்டுல எழுதி சீல் குத்திக் குடுத்தார். அப்ப லைசென்ஸுக்கு பில்லுன்னேன். அது கம்பெனியில இருந்து மெயில்ல வந்துரும்னார். ஜிபேல போட்டோம். சாயந்திரம் மெஷினைக் குடுத்தப்போ, "எம்எஸ் ஆபீஸும் புதுசா போட்டிருக்கேங்கக்கா, நம்ம கடை அன்பளிப்பு"ன்னார். யார் கேட்டா அதை?

மறுநாளே அந்தப் பெட்டி அதே மூலையில, அதே லோகோவோட டணிங்.

போன் பண்ணினேன். "புது ஆன்டிவைரஸ் இன்னும் ஸ்கேன் பண்ணிட்டு இருக்குங்கக்கா, செட் ஆக டைம் எடுக்கும்." சரின்னு விட்டேன். அடுத்த தடவை, "சர்வர் அப்டேட் ஆவுது." அதுக்கப்புறம் கடைக்கே நேர்ல போனேன். ஓனர் இல்ல, ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்டுல கேமரா மாட்டப் போயிருக்கார், மலை மேல டவர் இல்லன்னு கவுன்டர்ல இருந்த பொண்ணு சொல்லுச்சு. டவர் இல்லாத ஆளுக்கு நான் அனுப்பின வாட்ஸ்அப்புல மட்டும் ரெண்டு நீல டிக் விழுது. ஒரு வாட்டி ஆளே மாட்டினார். மாட்டினா, "மெஷின் பழசுங்கக்கா, ஹார்ட் டிஸ்க் போற நிலைமை, எஸ்எஸ்டி போட்டாத்தான் சரியாவும்"னு அடுத்த செலவுக்குத் தூண்டில் போடுறார். ரிட்டர்ன் போட வேண்டிய நேரத்துல நான் பஸ் பிடிச்சு இவர் கடை மாடிப்படி ஏறிக்கிட்டு இருக்கேன்.

இதுக்கு நடுவுல, மூணு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்னாரே, அந்த ஆன்டிவைரஸ் சிவப்பாகிருச்சு. லைசென்ஸ் செல்லாதுன்னு வருது. அந்த ஆன்டிவைரஸ் கம்பெனி கஸ்டமர் கேருக்கே கூப்பிட்டேன். அவங்க மரியாதையா பேசினாங்க, அதைச் சொல்லணும். லைசென்ஸ் கீயை வாங்கிப் பார்த்துட்டு, இது பல கம்ப்யூட்டருக்குச் சேர்த்து விக்கிற ஒரு வருஷ லைசென்ஸ், உங்க பேர்ல இல்ல, ஏற்கெனவே வேற மெஷின்கள்ல ஓடி வருஷமும் முடிஞ்சிருச்சுன்னாங்க. அதாவது, யாரோ வாங்கின லைசென்ஸோட வாலை அறுத்து எனக்கு 4,150க்கு வித்திருக்கார். மெயில்ல வரும்னு சொன்ன பில் ஏன் வரலைன்னு அப்பத்தான் புரிஞ்சது.

இதைக் கேட்டப்போ கடைக்காரர் சொன்ன பதில் இருக்கே: "உங்க பையன் கண்ட கண்ட சைட்டுக்குப் போனா லைசென்ஸ் கட் ஆகத்தான் செய்யும். சாஃப்ட்வேர் ஒரு தடவை ஆக்டிவேட் பண்ணிட்டா ரிட்டர்ன் கிடையாது." அக்கா போச்சு, ங்க போச்சு.

எங்க அண்ணன் மக பெங்களூர்ல ஐடியில இருக்கா. லீவுக்கு வந்தவ, "அத்தை, நான் பார்க்கட்டா"ன்னு உட்கார்ந்தா. அந்தப் பெட்டி வந்ததும் அதை மூடல. பக்கத்துல போய்ப் பார்க்கச் சொன்னா. அடியில குட்டி எழுத்துல க்ரோம்னும், வாயில நுழையாத ஒரு வெப்சைட் பேரும் இருந்தது. க்ரோம் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்னு ஒரு இடம் இருக்கு, அங்க போனா. கிரிக்கெட் பார்க்கப் போன ஏதோ சைட்டு 'நீ ரோபோ இல்லைன்னா அலோ அமுக்கு'ன்னு கேட்டிருக்கு, பையன் அமுக்கியிருக்கான். அதுல இருந்து அந்த சைட்டு அனுப்புற விளம்பரம்தான் இந்த வைரஸ் எச்சரிக்கை எல்லாம். அந்தப் பேரை எடுத்துட்டா. அவ்வளவுதான். அடுப்புல வச்ச பால் பொங்கல, அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. 6,850 ரூபாய்க்கு முடியாதது.

அப்ப அந்தச் சிவப்பு வட்டப் பட்டியல்? அது ஈவென்ட் வியூவராம். விண்டோஸ் தன் வேலையில நடக்கிற ஒவ்வொரு சின்னச் சிக்கலையும் எழுதி வைக்கிற நோட்டு. அவளோட புது லேப்டாப்புல திறந்து காட்டினா, அதுலயும் அதே சிவப்பு, அதே மஞ்சள். அதுல 10016னு ஒரு பதிவு திரும்பத் திரும்ப வருது, அதைக் கண்டுக்க வேணாம்னு மைக்ரோசாஃப்டே எழுதி வச்சிருக்காம். வெளிநாட்டுக்காரங்களைப் போன்ல மிரட்டிப் பணம் கறக்கிற போலி கால் சென்டர்காரங்க காட்டுறதும் இதே பட்டியலைத்தானாம். எனக்கு மச்சான் கதையும் சேர்த்துக் காட்டினாங்க.

இன்னும் இருக்கு. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள போய் எக்ஸ்க்ளூஷன்னு ஒரு பக்கம் திறந்தா. டிஃபெண்டர் எந்தெந்த ஃபோல்டரைச் சோதிக்க வேணாம்னு அங்க எழுதி வைக்கலாம். அங்க ஒரே ஒரு வரி. சி டிரைவ் முழுசும்! வாசல்ல காவலுக்கு ஆள் போட்டுட்டு, வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாதேன்னு சொன்ன மாதிரி. ஏன் இப்படின்னா, அன்பளிப்பா போட்டாரே ஆபீஸ், அது திருட்டு ஆபீஸ். அதை ஓட வைக்கிற ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடிச்சிரும். பிடிக்காம இருக்க முழு டிரைவையும் மறைச்சுட்டார். வேற கம்பெனி ஆன்டிவைரஸ் இருந்தா டிஃபெண்டர் ஒதுங்கிக்கும், அது காலாவதி ஆனா திரும்ப வேலைக்கு வரும். வந்துச்சு, ஆனா இந்த ஒரு வரியால அதுக்குப் பார்க்க எதுவுமில்ல. அந்தச் செத்த லைசென்ஸோட அத்தனை பட்டறைக் கணக்கையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரியை அழிச்சிட்டு, செத்துப்போன ஆன்டிவைரஸையும் கழட்டிட்டு, டிஃபெண்டர்லயே ஆஃப்லைன் ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு, அதை ஓட விட்டா. மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடியே சோதிக்கும், சுமார் 15 நிமிஷம். முடிஞ்சு வந்தப்போ மாட்டினது ஒண்ணே ஒண்ணு, ஹேக்டூல் ஆட்டோகேஎம்எஸ். அந்த ஆபீஸ் ஆக்டிவேட்டர்தான். கறாரா சொன்னா அது வைரஸ் கூட இல்லையாம், ஆனா அந்த மாதிரி ஃபைலோட என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு யாருக்கும் தெரியாதுன்னா. ஆக, வைரஸ் எடுக்கக் குடுத்த மெஷின்ல இருந்த ஒரே கெட்டது, வைரஸ் எடுத்தவர் வச்சது. அதுக்கு நான் குடுத்தது 6,850.

விண்டோஸ் 10 விஷயத்துல மட்டும் பாதி உண்மை சொல்லியிருக்கார். 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் நின்னது நிஜம். ஆன்டிவைரஸ் போட்டா அப்டேட் வேணாங்கிறது பச்சைப் பொய். விண்டோஸ்ல இருக்கிற ஓட்டையை அடைக்கிறது அப்டேட்தான், எந்த ஆன்டிவைரஸும் அதை அடைக்காது. 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் நீட்டிப்பு தர்றாங்க, விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே பதிஞ்சுக்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல செட்டிங்ஸைச் சேமிக்க ஒத்துக்கிட்டா காசு கிடையாது. அண்ணன் மக எனக்குப் பதிஞ்சு குடுத்துட்டா.

நேத்து கடைசியா ஒரு வாட்டி போனேன், வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு. எக்ஸ்க்ளூஷன் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் காட்டினேன். முகம் மாறல. "இதெல்லாம் யாரோ உங்க வீட்டுல பண்ணினது. நான் போட்டேன்னு எழுதியிருக்கா?"ன்னார். பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னேன். பில் இருக்காங்கன்னு கேக்கிறார்! பில் தராத மனுஷன், பில் இருக்கான்னு கேக்கிறார். பக்கத்துல ஒரு பெரியவர் லேப்டாப்போட உட்கார்ந்திருந்தார், அவர் முன்னாடி மானிட்டர்ல அதே சிவப்பு வட்டப் பட்டியல் திறந்திருந்தது. அய்யா அது வைரஸ் இல்லைன்னு நான் சொன்னேன். கடைப் பையன் என்னைப் படி வரைக்கும் தள்ளாத குறை.

1915, நுகர்வோர் உதவி எண், அதுல புகார் பதிஞ்சாச்சு. ஜிபே ரெக்கார்டு, சீல் குத்தின எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப் எல்லாம் ஆதாரமா பத்திரமா இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, தேவைப்பட்டா அங்கயும் போவேன். 6,850 ரூபாய்க்குப் போய் இவ்வளவாங்கிறார் வீட்டுக்காரர். ஒரு பட்டறைக் கணக்குக்கு எனக்கு மாசம் என்ன குடுக்கறாங்கன்னு அவருக்கும் தெரியும்.

எந்த ஆன்டிவைரஸ்னு விவரமா எழுதுறேன்னு சொன்னேன். நாளைக்கு 20, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி. அதனால சுருக்கமா. வீட்டு உபயோகத்துக்கு டிஃபெண்டர் போதும், ஆன்ல இருக்கா, எக்ஸ்க்ளூஷன் காலியா இருக்கான்னு மட்டும் பாருங்க. காசு குடுத்துத்தான் வாங்குவேன்னா ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ்னு ஆன்டிவைரஸைச் சோதிக்கிற அமைப்புங்க போடுற மார்க்கைப் பார்த்துட்டு, கம்பெனி வெப்சைட்டுல உங்க மெயில் ஐடியில வாங்குங்க, துண்டுச் சீட்டுல எழுதிக் குடுக்கிற கீ வேணாம். சந்தேகம்னா அரசாங்கத்தோட சைபர் ஸ்வச்தா கேந்திரா பக்கத்துல இலவச கிளீனிங் டூல் இருக்கு. எச்சரிக்கைப் பெட்டியில போன் நம்பர் இருந்தா அது மைக்ரோசாஃப்ட் இல்ல, கூப்பிடாதீங்க. தூரத்துல இருந்தே உங்க மெஷினை இயக்க விடுற எனிடெஸ்க் மாதிரி ஆப்பைப் போடச் சொன்னா போடாதீங்க. அப்படிப் போட்டு அக்கவுன்ட்ல பணம் போயிருந்தா உடனே 1930, சைபர் மோசடிப் புகார் எண், அதுக்குக் கூப்பிடுங்க.

மெஷினைக் கடையில குடுத்தே ஆகணும்னா, க்ரோம்ல சேவ் ஆகியிருக்கிற பாஸ்வேர்டை எல்லாம் அழிச்சிட்டுக் குடுங்க. என்னோடது ஒரு பகல் முழுக்க அந்தாள் கையில திறந்தே கிடந்திருக்கு. இப்ப ஒவ்வொரு பட்டறையோட ஜிஎஸ்டி போர்ட்டல் பாஸ்வேர்டையும் மாத்திக்கிட்டு இருக்கேன், ஓடிபி அவங்க போனுக்குப் போகுது, பாதிப் பேர் எடுக்க மாட்டேங்கிறாங்க.