டிரம்ஸ் சாமானைக் குரோம் போடக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

டிரம்ஸ் வாசிக்கிறவர்கள், முக்கியமாகப் பழைய ஜப்பான் செட் வைத்திருக்கிறவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்டாண்ட், ரிம் (டிரம்மின் தோலை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையம்), ராடு (அந்த வளையத்தை முறுக்குகிற திருகுக் கம்பி) எல்லாவற்றையும் புதுசாகக் குரோம் முலாம் போடக் கொடுத்தேன். என் ஸ்நேர் டிரம்மின் (அடியில் கம்பிச்சுருள் கட்டிய சின்ன டிரம்) மேல், கீழ் இரண்டு ரிம்மும் திரும்பி வரவில்லை. பளபளவென்று வேறு இரண்டு ரிம் வந்தன.

நான் காரைக்குடிக்காரன். மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். செட் 2008-ல் மதுரையில் ஒரு மூத்த கலைஞரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. செட்டிநாட்டுப் பக்கம் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று அது ஏறாத மேடை இல்லை. வியர்வையும் தூசியும் பட்டுப் பட்டு ஸ்டாண்டு கால்களில் புள்ளி புள்ளியாகத் துரு. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை, முன்னால் நூறு செல்போன். "அண்ணே, வீடியோவுல உங்க செட்டு மட்டும் மங்கலாத் தெரியுது" என்று குழுவில் ஒரு தம்பி சொன்னான். தப்பாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னான்.

சாமானின் அழகு முக்கியமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கறுப்புப் பூச்சு பிடித்தவர்கள் இருக்கிறார்கள், தங்க நிறம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் குரோம்தான். விளக்கு பட்டு ரிம் மின்னும்போது கை தன்னால் சுறுசுறுப்பாகிறது. நாதஸ்வரக்காரர்கள் ஜரிகை வேட்டி கட்டி வருகிறார்களே, அது மாதிரிதான் இதுவும்.

போன தை மாதம் வெளியூரில் ஒரு பட்டறையில் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தேன். ஊர் பெயரும் கடை பெயரும் வேண்டாம். 14,500 ரூபாய் பேசினோம், பாதி முன்பணம். ரசீதில் "டிரம்ஸ் பார்ட்ஸ், பாலிஷ்" என்று ஒரே வரி. எத்தனை உருப்படி என்று அவர்களும் எழுதவில்லை, எழுதச் சொல்லி நானும் கேட்கவில்லை. பதினெட்டு நாள் கழித்து வந்தது. பிரித்ததும் வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். எவர்சில்வர் கடையில் புதுப் பாத்திரம் அடுக்கின மாதிரி இருந்தது. மீதிப் பணத்தை உடனே அனுப்பிவிட்டேன்.

முதல் கச்சேரி மாசி மாதம், தேவகோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம். மூன்றாவது பாட்டிலேயே ஸ்நேரில் சுதி இறங்கியது. சாவி போட்டு முறுக்கினேன். அடுத்த பாட்டில் மறுபடி இறங்கியது. ரிம்ஷாட் அடித்தால், அதாவது குச்சியால் தோலையும் ரிம்மையும் சேர்த்து அடித்தால், எப்போதும் காது கிழிகிற மாதிரி ஒரு "டாங்" வரும். அன்றைக்குத் தகர டப்பாவைத் தட்டினது போல ஒரு சத்தம். சிம்பல் என்கிற உலோகத் தட்டைத் தாங்குகிற ஸ்டாண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஏழெட்டுப் பாட்டுக்குப் பிறகு அதன் பட்டர்ஃப்ளை நட்டை முறுக்கும்போது இறக்கை கையோடு உடைந்து வந்தது. மீதிக் கச்சேரியை அந்த சிம்பல் இல்லாமல்தான் ஒப்பேற்றினேன்.

மறுநாள் காலையில் ஸ்நேரைப் பிரித்து, மேல் ரிம்மை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பழைய ரிம்மில் நான் ரிம்ஷாட் அடிக்கிற இடத்தில், இரண்டு ராடு ஓட்டைக்கு நடுவே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தேய்மானம் இருக்கும். பதினைந்து வருஷத்துக்கு மேல் என் குச்சி பட்டுப் பட்டு உண்டானது. இருட்டில் தடவினாலும் எனக்குத் தெரியும். அது இல்லை. சுற்று முழுக்க வழவழவென்று இருந்தது.

தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். வெர்னியர் அளவுகோலில் ரிம் தகட்டின் கனம் 1.6 மில்லிமீட்டர் காட்டியது. என்னுடையது 2.3. வாங்கின புதிதில் நானே அளந்து பார்த்திருக்கிறேன். கனம் இவ்வளவு குறைந்தால் எடையில் பத்தில் மூன்று பங்கு போய்விடும். மெல்லிய ரிம் ராடு இழுக்கும் இடத்தில் வளைந்து கொடுக்கும், சுதி நிற்காது. 1.6 ரிம் மட்டமான சாமான் என்று நான் சொல்லவில்லை, அந்த மெல்லிசான சத்தத்துக்காகவே தேடி வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் நான் கொடுத்தது அதுவல்ல. நட்டும் அப்படித்தான். பழையது இரும்பு. வந்தது துத்தநாக வார்ப்பு, காந்தம் ஒட்டவே இல்லை. ஸ்டாண்டு குழாய்களின் பிடிக்குள் இருக்கும் நைலான் வளையங்களைக் கழற்றியவர்கள் திரும்பப் போடவே இல்லை. ஸ்டாண்டு இறங்கியது அதனால்தான்.

எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல் காரைக்குடியில் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. முலாம் பூசுகிற வேலையெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஐயா சாமானைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அழகுக்குப் போடுற குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. துருவைத் தடுக்கிறது அதுக்கு அடியில இருக்குற நிக்கல். அது மெலிசா இருந்தா மேல எவ்வளவு மின்னினாலும் ஒரு மழைக்காலம் தாங்காது." பட்டறையில் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

பட்டறைக்கு போன் செய்தேன். "பஃபிங் பண்ணுனா தேய்மானமெல்லாம் போயிரும்ணே, அதான் லேசாவும் ஆயிருச்சு" என்றார்கள். ரிம் முழுக்க ஒரே சீராக 0.7 மில்லிமீட்டர் இரும்பை, பளபளப்புக்காகத் தேய்க்கிற பஃபிங் சக்கரம் தின்னுமா? நேரில் போனேன். இரண்டு மணி நேரம் நிற்க வைத்து, கடைசியில் நட்டுக்கென்று 1,500 ரூபாய் கொடுத்தார்கள். ரிம்மைப் பற்றிப் பேசினாலே, "நீங்க கொடுத்தது இதுதான்னு ரசீதுல இருக்கா?" என்றார்கள். இல்லை. போட்டோவும் இல்லை.

எங்கள் பக்கம் நகரத்தார் கல்யாணத்தில் சீர் சாமானுக்கெல்லாம் சிட்டை எழுதி வைப்பார்கள். பித்தளை அண்டா வாங்கினாலும் தராசில் வைத்துத்தான் வாங்குவோம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, சோறு போடுகிற சாமானை எண்ணாமல் கொடுத்தேன். நீங்கள் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொன்றையும் எடை போட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். ரிம்மின் உள்பக்கம் 'பஞ்ச்' என்கிற கூர் உளியால் ஆழமாக ஒரு புள்ளி குத்திவிடுங்கள், முலாம் போட்ட பிறகும் அது தெரியும். நைலான் வளையம், ரப்பர், ஃபெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு கொடுங்கள்.

அதைவிட, குரோம் போடத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேலோட்டமான துரு பெரும்பாலும் போய்விடும். அப்புறம் நன்றாகத் துடைத்து லேசாக எண்ணெய் தடவினால் போதும். எனக்கு இது தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு. லுட்விக் கம்பெனியின் சுப்ராஃபோனிக் என்கிற ஸ்நேரைப் பாருங்கள். அலுமினிய உடம்பில் போட்ட குரோம், பழசாக ஆகப் புள்ளி விழுந்து உரியும். அப்படி உரிந்ததையும் அந்தச் சத்தத்துக்காகவே தேடி வாங்கி வாசிக்கிறார்கள்.

என் ரிம்கள் 14 அங்குலம், பத்து ஓட்டை, 2.3 மில்லிமீட்டர். மேல் ரிம்மில் இரண்டு ஓட்டைக்கு நடுவே நான் சொன்ன அந்தத் தேய்மானம் இருக்கும். பழைய சாமான் விற்கிற இடத்தில் யார் கண்ணிலாவது பட்டால் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். என்ன விலை சொன்னாலும் பரவாயில்லை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.