உச்சிப்புளி பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை: செல்ஃப் எடுக்காத காருக்கு

மண்டபத்துல கார் வச்சிருக்கிறவங்க இந்தக் கடையைத் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் போற வழியில, ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. போர்டு எழுத்தெல்லாம் வெயில்ல வெளுத்துப்போச்சு. வாசல்ல பழைய பேட்டரிகளை அடுக்கி வச்சிருப்பாங்க, அதுதான் அடையாளம். கடைக்காரர் பாய் பார்க்கிறது எலக்ட்ரிக்கல் வேலை மட்டும். இன்ஜினைப் பிரிக்கணும்னா வேற இடம் சொல்லி அனுப்பிடுவார்.

வாடைக்காத்து ஆரம்பிச்சதுல இருந்து என் பெட்ரோல் கார் காலையில மக்கர் பண்ணிச்சு. சாவியைத் திருப்பினா டேஷ்போர்டு விளக்கு எல்லாம் எரியும், 'டக்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்காது. சில நாள் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணினா எடுத்துடும். டவுன்ல ஒரு இடத்துல பானெட்டைக்கூடத் திறக்காம "பேட்டரி போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்"னாங்க. பழசைக் கொடுத்தாலும் ஐயாயிரத்துக்கு மேல ஆகும்.

பாய் வீட்டுக்கே வந்தார். முதல்ல பேட்டரியில மல்டிமீட்டர் வச்சார், 12.5 வோல்ட். "12.6 இருந்தா ஃபுல்லு டீச்சர். 12.2க்குக் கீழ போனா பாதி காலி. இது நல்லாத்தான் இருக்கு." அப்புறம் என்னைச் சாவி திருப்பச் சொல்லிட்டு மீட்டரையே பார்த்தார். பேட்டரி செத்திருந்தா அந்த நேரத்துல வோல்ட் ஒன்பது, எட்டுன்னு சரிஞ்சிடுமாம். இங்க 12க்குக் கீழ இறங்கவே இல்லை. அடுத்து மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்னை இன்ஜின்லயும் வச்சு, மறுபடி திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள்ள இருக்க வேண்டியது ஏழு வோல்ட்டைத் தாண்டிச்சு. ஜம்பர் கேபிள் எடுத்து மைனஸை நேரா இன்ஜினோட சேர்த்தார். ஒரே திருப்புல வண்டி ஸ்டார்ட்.

பேட்டரி மைனஸை இன்ஜினோட இணைக்கிற எர்த் வயரைக் கழட்டி என் கையில கொடுத்தார். வெளி ரப்பர் புதுசு மாதிரியே இருந்துச்சு. கத்தியால கீறிக் காட்டினா உள்ள செம்புக் கம்பி பச்சையாப் பூத்து, விரலால தேய்ச்சாலே பொடியா உதிருது. வயர் முனையில இருக்கிற லக்கை, அதாவது உலோக வளையத்தை, பிடிச்சிட்டிருந்தது நாலஞ்சு இழைதான். எங்க ஊர்ல வடகடலும் பக்கம், தென்கடலும் பக்கம். வருஷம் பூரா ஏதாவது ஒரு பக்கத்துல இருந்து உப்புக்காத்து அடிச்சிட்டே இருக்கும். 2025ல திறந்த பாம்பன் புது ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டுச்சு, வாசல்ல நிக்கிற காருக்குக் கேட்கணுமா!

வயர் உட்காருற இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்ச்சார். புது வயருக்கு லக் அடிச்சு, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கி, மேல வாசலின் தடவினார். பேட்டரி டெர்மினல்ல வெள்ளையாப் பூத்திருந்ததுக்கு ஆப்ப சோடா கரைச்ச வெந்நீர். கழட்டுறப்ப மைனஸ் முதல்ல, மாட்டுறப்ப மைனஸ் கடைசியில. அப்பத்தான் ஸ்பேனர் தவறிப் பாடியில பட்டாலும் பொறி பறக்காதுன்னு காரணத்தோட சொன்னார். இன்ஜின் ஓடுறப்ப 14.1 வோல்ட், பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரும் சரி. வந்து போனது உட்பட 650 ரூபாய்.

பக்கத்துல என் வீட்டுக்காரர் நின்னாலும் பாய் விளக்கினது எல்லாம் என்கிட்டதான். வண்டி ஓட்டுறது நான்தானே. எல்லா ஒர்க்‌ஷாப்லயும் இது நடக்கிறதில்லை.

குறையும் இருக்கு. போன் எடுக்கவே மாட்டார், நேர்லதான் போய்ச் சொல்லணும். கிளம்பாத வண்டியை வச்சுக்கிட்டு எப்படிப் போறது? பஸ்லதான். பில் கிடையாது. வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரும் இல்லை. அதனால செல்ஃப் நல்லாச் சுத்தியும் இன்ஜின் பிடிக்கலைன்னாலோ, டேஷ்போர்டுல சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கிக்கிட்டே இருந்தாலோ இங்க போய்ப் பிரயோஜனம் இல்லை, ராமநாதபுரம்தான் போகணும். அதை அவரே சொல்லிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்குப் போயிடுவார், மூணு மணிக்கு மேல போங்க.