பழைய பைக்கின் முன் பிரேக்: டிரம்மைப் புதுப்பிப்பதா, டிஸ்க்குக்கு மாறுவதா?

பழைய பைக் ஒன்றை வாங்கி ஓட்டத் தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றுதான்: "முன் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது, டிஸ்க் மாட்டிடலாமா?" மாட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும். நாற்பது ஐம்பது வருடம் ஓடிய பைக்கில் இப்போது இருப்பது தொழிற்சாலை கொடுத்த பிரேக் இல்லை. வட்டம் கெட்ட டிரம், வழவழப்பேறிய லைனிங் (உராயும் பட்டை), தேய்ந்த கேம் (ஷூவைத் தள்ளும் சுழல்முனை), இழுபட்டுப்போன கேபிள் எல்லாம் சேர்ந்த மிச்சம் அது. அந்த மிச்சத்தைப் புது டிஸ்க்கோடு ஒப்பிட்டால் டிஸ்க்தான் ஜெயிக்கும். முறையாகப் புதுப்பித்த டிரம்மோடு ஒப்பிட்டால்தான் நியாயமான கணக்கு கிடைக்கும்.

முதலில் டிரம். சக்கரத்தோடு சுழலும் உருளை அது; லிவரை அழுத்தினால் கேபிள் கேமைத் திருப்பி, லைனிங் ஒட்டிய வளைந்த ஷூக்களை உள்ளிருந்து அதில் அழுத்தும். அதன் வலிமை ஷூக்கள் அமைந்த விதத்தில் இருக்கிறது. சக்கரம் சுழலும் திசையிலேயே கேம் தள்ளிவிடும் ஷூவை உராய்வே டிரம்மோடு இன்னும் இறுக்கமாக இழுத்துக்கொள்ளும். இதுதான் லீடிங் ஷூ. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் டிரெயிலிங் ஷூவை அதே உராய்வு விலக்கிவிடப் பார்க்கும். ஒரே கேம் உள்ள சாதாரண டிரம்மில் இரண்டும் ஒவ்வொன்று இருக்கும், வேலையில் பெரும்பங்கு லீடிங் ஷூவுடையது. டூ லீடிங் ஷூ டிரம்மில் இரண்டு கேம், இரண்டு ஷூவும் லீடிங். டிரையம்ஃப் போனவில்லுக்கு 1968இல் வந்த 8 அங்குல டிரம் இந்த வகைதான். நல்ல நிலையில் இருக்கும் அந்த டிரம்மை ஓட்டிப் பார்த்தவர்கள் டிஸ்க் கேட்பது குறைவு.

புதுப்பிக்கும்போது வரிசை முக்கியம். ஸ்போக் மாற்றுவது, கோட்டம் எடுப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் டிரம்மை லேத்தில் கடைய வேண்டும். ஸ்போக்கின் இழுவையே டிரம் அமைந்த சக்கர மையமான ஹப்பைக் கொஞ்சம் வளைத்துவிடும். ஹப்பைத் தனியாகக் கடைந்துவிட்டு அப்புறம் ஸ்போக் கட்டினால் கடைந்த வேலை வீண். எவ்வளவு வரை கடையலாம் என்ற உச்ச அளவு பல டிரம்களில் பொறித்தே இருக்கும். அதைத் தாண்டியிருந்தால் புது ஹப் தேடுவதுதான் வழி.

அடுத்து ஷூ. கடைந்த டிரம் சற்றுப் பெரிதாகியிருக்கும் என்பதால் தடித்த லைனிங் ஒட்டி, ஷூக்களைத் தாங்கும் பேக் பிளேட்டிலேயே மாட்டி, டிரம்மின் விட்டத்துக்குப் பொருந்தும்படி அதையும் கடைய வேண்டும். பலர் தவிர்ப்பது இந்த வேலையைத்தான், பிரேக்கின் தரத்தைத் தீர்மானிப்பதும் இதுதான். கடையாத லைனிங்கின் நடுப்பகுதியோ முனையோ மட்டும் டிரம்மில் படும், மீதி சும்மா நிற்கும். முன்முனையைச் சற்றுச் சரிவாக்கிவிட்டால் திடீரென்று கவ்வாது. இன்னொன்று: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேபிளுக்கும் மரியாதை கொடுக்க வேண்டும். மெல்லிய உறை கொண்ட கேபிள் லிவரை அழுத்தும்போது சுருங்கி, கை கொடுக்கும் விசையில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். தடித்த, சுருங்காத உறை வாங்குங்கள். ஷூ டிரம்மைத் தொடும் நேரத்தில் கேமைத் திருப்பும் கையும் கேபிளும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். அந்தக் கோணம் தவறினால் இத்தனை வேலையும் லிவரில் தெரியாது.

டூ லீடிங் ஷூவில் கூடுதலாக ஒரு வேலை: இரண்டு ஷூவும் ஒரே கணத்தில் தொட வேண்டும். இரண்டு கேம் கைகளையும் இணைக்கும் கம்பியைக் கழற்றுங்கள். கேபிளை இறுக்கி முதல் ஷூவைத் தொடவிடுங்கள், இரண்டாவது கேம் கையை விரலால் திருப்பி அதையும் தொடவிடுங்கள். இரண்டும் நகராமல் இணைப்பு முளை துளைக்குள் போகும் அளவுக்குக் கம்பியின் நீளத்தைத் திருத்துங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை, பலன் பெரிது. இந்த வகையில் ஒரு பலவீனமும் உண்டு. வண்டி பின்னோக்கி உருளும்போது இரண்டு ஷூவும் டிரெயிலிங் ஆகிவிடும். மேட்டில் நிற்கும்போது பின் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்.

உங்கள் பைக்கில் இருப்பது 6 அங்குல ஒற்றைக் கேம் டிரம் என்றால், அதே குடும்பத்து மாடலின் பெரிய டூ லீடிங் ஷூ சக்கரத்தை மாட்டுவது நல்ல இடைவழி. தோற்றம் கெடாது, ஃபோர்க்கும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதற்கும் மேலே இரண்டு பக்கமும் ஷூ கொண்ட நான்கு லீடிங் ஷூ டிரம்கள் உண்டு. சுசூகி ஜிடி750இன் முதல் மாடலில் அது தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அழகான பொருள், ஆனால் நான்கு ஷூவையும் ஒத்திசைக்கும் பொறுமை இல்லாதவர் அதைத் தொட வேண்டாம்.

டிரம் தோற்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும், லிவர் கைப்பிடி வரை வந்துவிடும். டிஸ்க் என்பது இரு பக்கமும் பேட் என்ற உராய்வுத் துண்டுகள் கவ்வும் தட்டு; அது சூடேறினால் பேடை நோக்கித்தான் தடிக்கும். உள்ளே புகுந்த தண்ணீரும் டிரம்மை விட்டு எளிதில் வெளியேறாது. மலைப்பாதையே உங்கள் வழக்கமான பாதை என்றால் நான் டிஸ்க் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் எந்த டிஸ்க்? 1969இல் ஹோண்டா சிபி750 டிஸ்க் பிரேக்கைப் பெருந்தொகை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து டிஸ்க்குகளும் இன்று கிழடு தட்டியவைதான். சிபி750இல் பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பரைத் தாங்கும் கை ஒரு முளையில் தாராளமாகத் திரும்ப வேண்டும். துருவேறி இறுகினால் ஒரு பக்கப் பேட்தான் முறையாக அழுத்தும். குரோம் உரிந்த பிஸ்டன்களுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகில் செய்தவற்றைப் போடுங்கள். சீல் உட்காரும் பள்ளத்தில் படிந்த அரிப்பைச் சுரண்டி எடுக்காவிட்டால் புது சீலும் பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாயைக் கழித்துவிட்டு எஃகுப் பின்னல் குழாய் மாட்டுங்கள்.

அதோடு, லிவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தைப் பாருங்கள். நார்ட்டன் கமாண்டோவின் டிஸ்க் மரக்கட்டையைப் பிடித்தது போல இருக்கும் என்று பெயர் வாங்கியதற்கு முக்கியக் காரணம் 15.9 மிமீ விட்டமுள்ள பெரிய மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் உறை போட்டு 13 மிமீ ஆக்கினால் அதே கைவிசைக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தம் கிடைக்கும். லிவர் அதே விகிதத்தில் கூடுதல் தூரம் போகும், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. பழைய டிஸ்க்குக்குச் செய்யும் மேம்பாடுகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கடைசி வழி, புதுக் காலத்து ஃபோர்க், சக்கரம், இரட்டை டிஸ்க் எல்லாவற்றையும் மொத்தமாக மாட்டுவது. நிறுத்தும் வலிமையில் இதை மற்றவை நெருங்க முடியாது. ஆனால் ஃபோர்க்கின் நீளம், சாய்வு, சக்கர அளவு மாறினால் பைக் திரும்பும் குணமே மாறும். புதிய பிரேக்கின் விசை முழுவதும் பழைய பிரேமின் தலைக்குழாய்க்குப் போகும், அதன் வெல்டிங்கை யாராவது தெரிந்தவர் பார்த்தே ஆக வேண்டும். குறுகிய பழைய டயர் அந்த வலிமையைத் தரைக்குக் கடத்தவும் முடியாது. ஏற்கெனவே உருமாறிப்போன, அசல் பாகங்கள் இல்லாத பைக்குக்கு இது சரி. முழுமையாக இருக்கும் பைக்கை இதற்காகப் பிரிப்பது எனக்கு மனசு ஒப்பாத வேலை.

அதனால் என் வரிசை இது: நிதானமாக ஓட்டுபவருக்குக் கடைந்து புதுப்பித்த டிரம். நெரிசலில் தினமும் ஓட்டுபவருக்கு டூ லீடிங் ஷூ, அல்லது அந்த மாடலுக்கே பின்னாளில் வந்த டிஸ்க்கைப் புதுப்பித்து மாட்டுவது. மலைக்கும் நெடுந்தூரத்துக்கும் டிஸ்க் மட்டும்.

எதைத் தேர்ந்தாலும் புது லைனிங்கும் பேடும் முதல் நாளே முழுப் பிடி தராது. ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து படிப்படியாக அழுத்தி, இடையிடையே ஆறவிட்டுப் பழக்குங்கள். டிஸ்க் என்றால் டாட் 4 பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதன் கொதிநிலைக்கான குறைந்தபட்சத் தரம் புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 டிகிரிதான்.