புல்டாக் ஈற்று: நாள் குறித்த சிசேரியனா, தானாக ஈனக் காத்திருப்பதா?

புல்டாக் குட்டிக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பெலும்பு குறுகல். 2010-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், புல்டாக் ஈற்றுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன்தான். ஆகவே காத்திருப்பவர்களும் ஆபரேஷனுக்குத் தயாராகவே இருந்தாக வேண்டும். குன்னூரில் அந்தத் தயார்நிலை எளிதல்ல. நள்ளிரவில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவை போகவேண்டி வரலாம். ஐப்பசி மழையில் மண்சரிந்தால் அந்த வழியும் அடைபடும்.

காத்திருப்பதானால் சினையின் 55-ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளை எண்ணுங்கள். ஒற்றைக் குட்டியென்றால் காத்திருக்கவே வேண்டாம். அது பெருத்துவிடும், வலியும் சரியாகத் தொடங்காது. கடைசி வாரத்தில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துத் தினம் இருமுறை பாருங்கள். 37.2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி வரும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லையா, முதல் குட்டிக்கு முன்பே பச்சைநிறக் கசிவா, உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியை வீட்டில் போடவே கூடாது. குட்டி சிக்கியிருக்கும்போது போட்டால் கருப்பையே கிழியலாம்.

நாள் குறிப்பதில் பலரும் செய்யும் தவறு, இணைசேர்த்த நாளிலிருந்து எண்ணுவது. விந்தணு தாயின் உடலில் பல நாள் உயிரோடிருக்கும். அதனால் இணைசேர்த்ததிலிருந்து 57 நாளிலும் ஈனலாம், 72 நாளிலும் ஈனலாம். அவசரப்பட்டுத் திறந்தால் நுரையீரல் முதிராத குட்டிகள் மூச்சுவிடத் திணறிச் சாகும். பருவத்தின்போதே ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தில் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் அளவைப் பாருங்கள். அது மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமைத் தொடும்போது கருமுட்டை வெளியாகிறது; அங்கிருந்து 63-ஆம் நாள்தான் ஈற்றுக் கணக்கு. கத்தி வைக்குமுன் மீண்டும் அதே பரிசோதனை: 2 நானோகிராமுக்குக் கீழே விழுந்திருந்தால் குட்டிகள் தயார்.

ஆபரேஷனில் பயம் மயக்கமருந்துதான்; சப்பை மூக்கால் புல்டாக் மூச்சுவிடவே சிரமப்படும். குளிர் ஊர் புல்டாக்குக்கு நல்லது என்பது பாதி உண்மை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு குறைவு. மயக்குமுன் ஐந்து நிமிடம் ஆக்சிஜன் கொடுப்பார்களா, நாய் நன்றாக விழித்துத் தலை தூக்கும்வரை தொண்டைக்குள் செருகிய சுவாசக் குழாயை எடுக்காமல் வைத்திருப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இதற்கு வசதியில்லாத இடத்தில் ஆபரேஷன் வேண்டாம். ஒரு வாரம் முன்பே தாயைக் கோவையில் தங்க வைத்துவிடலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு நாள் குறித்த சிசேரியனையே சொல்வோம். ஆனால் ஆபரேஷன் இருக்கிறதே என்று எந்த நாயையும் சினையாக்குவது தாய்க்குச் செய்யும் கொடுமை. மூன்று நிமிடம் சீராக ஓடவிட்டு, மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டபின், மூச்சு கடுமையாக இரையும் நாயை இனப்பெருக்கத்துக்கு எடுக்காதீர்கள். தானாக ஈன்ற வம்சத்தில் வந்த பெட்டை கிடைத்தால் அதற்கே முதலிடம். இரண்டு சிசேரியன் ஆன தாயின் அடுத்த ஈற்றைப் பிரிட்டிஷ் கென்னல் கிளப் பதிவு செய்வதில்லை. இங்கும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த தாய் மயக்கக் கலக்கத்தில் குட்டிமேல் படுத்துவிடும். முதல் சில நாள் இரண்டு மணிக்கொரு தரம் பால் குடிக்கவைத்துத் தனிப்பெட்டிக்கு எடுத்துவிடுங்கள். சீம்பால் முதல் நாளே உள்ளே போயாக வேண்டும். பெட்டிக்குள் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி வெப்பம் தேவை. தை மாதப் பனியில் கரண்ட் போகும் இரவுக்கு, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்கள் தயாராக இருக்கட்டும்.