பிரேக் ஆயில் எங்கே போச்சு?

சித்தப்பாவின் கார் 2006 மாடல். பெங்களூர் மர்ஃபி டவுன் வீட்டு வாசலில், பாதி சாக்கடை மூடி மேல் ஏறி நிற்கும். நான் ஓட்டக் கற்றதே அதில்தான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து நான் எப்போது வந்தாலும் சாவியை என் கையில் கொடுத்துவிடுவார். இந்த ஜனவரியிலும் கொடுத்தார், கூடவே ஒரு எச்சரிக்கையோடு: "செவப்பு லைட்டு ஒண்ணு வரும். கண்டுக்காத. ஹேண்ட் பிரேக்கை ஒரு தடவை தூக்கி எறக்கினா போயிடும்."

மறுநாள் காலை சித்தியோடு அல்சூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்தார்களே, அந்தத் திருவள்ளுவர் சிலையைத் தாண்டி ஏரிக்கரையில் வளைந்தபோது விளக்கு எரிந்தது. நேர் ரோட்டில் அணைந்தது. சிக்னலில் பிரேக் போட்டால் மறுபடி எரிந்தது. "பார்த்தியா, அதுவே போயிடுச்சு" என்றார் சித்தி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹேண்ட் பிரேக்கின் அடியில் இருக்கும் சுவிட்சில் கோளாறு என்றால் வளைவு பார்த்தா எரியும்? பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை உண்டு. ஆயில் குறைந்து மிதவை கீழே வந்தால் விளக்கு எரியும். குறைந்தும் குறையாமலும் இருந்தால், வண்டி திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி விளக்கு விட்டுவிட்டு எரியும்.

வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்தேன். ஆயில், குறைந்தபட்ச அளவைக் காட்டும் MIN கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது, காபி டிகாக்ஷன் நிறத்தில். டப்பாவில் செருகியிருக்கும் இரண்டு வயர் கனெக்டரைக் கழற்றிவிட்டு டப்பாவை லேசாகத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். விளக்கு எரியவில்லை. செருகியதும் தட்டும்போதெல்லாம் மினுக்கியது. ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினால் எரிந்து, இறக்கினால் அணைந்தது. அந்த சுவிட்ச் பாவம், சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

சரி, ஆளிடம் காட்டலாம் என்று முதலில் போனது ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். ஏசி ஹால், ஏலக்காய் டீ, டை கட்டிய பையன். ஸ்டுட்கார்ட்டில் ஒரு டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், வாங்கவே மூன்று வாரம் ஆகும், இங்கே போன உடனே வண்டியை உள்ளே எடுத்தார்கள். மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். நாற்பது நிமிஷம் கழித்து எஸ்டிமேட் வந்தது: பெடலை மிதித்ததும் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும், முன் பேட், பின் ஷூ, டிஸ்க் இரண்டும், எல்லாம் சேர்த்து 13,800 ரூபாய். வீல் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஸ்கேனர் போட்டோம் மேடம்." இந்த வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) கிடையாது. புதுக் கார் எல்லாவற்றுக்கும் அது கட்டாயமானதே 2019 ஏப்ரலில்தான். இதில் ஆயில் மிதவையிலிருந்து வயர் நேராக மீட்டரில் இருக்கும் பல்புக்குப் போகிறது, ஸ்கேனருக்கு அதில் படிக்க ஒன்றுமே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு பிரேக் பெடலை அழுத்திப் பிடித்துப் பார்த்தீர்களா என்றும் கேட்டேன். மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிந்தால் பெடல் காலுக்கடியில் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். இதில் பெடல் கல்லு மாதிரி நின்றது. பையன் சிரித்துக்கொண்டே, வண்டி பழசுதானே, மாற்றிவிடுவது நல்லது என்றான். டீ நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் சித்தப்பா தன் ஆளிடம் அழைத்துப் போனார். சிவாஜி நகர் பக்கம் ஒரு சந்து, இரண்டு கார் நிற்கும் இடம், மூன்றாவது கார் எப்போதும் ரோட்டில். பாய்க்கு அறுபது வயது இருக்கும். தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட ஒரே கேள்வி:

"இதுக்கு முன்னாடி ஆயில் ஊத்தினீங்களா அண்ணா?"

சித்தப்பா பதில் சொல்லாமல் ரோட்டைப் பார்த்தார். நான் டிக்கியைத் திறந்தேன். கோணிப்பைக்கு அடியில் மூன்று பிரேக் ஆயில் பாட்டில். இரண்டு காலி, ஒன்று பாதி. தீபாவளியிலிருந்து பெட்ரோல் பங்க் பையனை ஊற்றச் சொல்லி வந்திருக்கிறார். ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும், அவருக்கும் மனசு அடங்கிவிடும்.

பாய் திட்டவில்லை. "ஊத்தினது எங்கே போச்சு அண்ணா? இது பெட்ரோல் இல்ல, எரிஞ்சி போறதுக்கு" என்று மட்டும் கேட்டார். பேட் தேயத் தேய அதை அழுத்தும் கேலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவில் ஆயில் இறங்கும். அது இயல்பான குறைவு, மாதக் கணக்கில் மெல்ல நடக்கும். மூன்று மாதத்தில் இரண்டரை பாட்டில் என்றால் எங்கோ ஒழுகியே ஆக வேண்டும்.

முதலில் முன் வீலைக் கழற்றி பேட் பார்த்தார், பாதிக்கு மேல் இருந்தது. பிறகு தரையில் படுத்து டார்ச் அடித்து நான்கு டயரின் உள்பக்கத்தையும் பார்த்தார். பின்னால் இடது டயரின் உள்பக்கம் மேலிருந்து கீழே ஒரு ஈரக்கோடு, அதில் பெங்களூர் தூசி அப்பிப் போய் கறுப்பாக. ஜாக்கி போட்டு, வீலைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். டிரம் வெளியே வந்தது. உள்ளே ஷூ இரண்டும் நனைந்து மினுமினுத்தன. ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ஓரத்து ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாக விலக்கினார். பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு உருண்டு வந்து அவர் விரலில் விழுந்தது. என் விரலிலும் தேய்த்துக் காட்டினார். இன்ஜின் ஆயில் போல ஒட்டவில்லை, வழவழவென்று போனது. குழாயடியில் காட்டினால் தண்ணீரோடு கழுவிக்கொண்டு போய்விட்டது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்தால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். அந்த ஈரம்தான் சிலிண்டரின் உள்சுவரையும் அரிக்கிறது. சித்தப்பா ரிட்டயர் ஆன பிறகு வண்டி வாரக் கணக்கில் நிற்கிறது, ஆயிலோ எப்போது மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை.

சாமானை நாமே வாங்கி வரலாம் என்றார் பாய். ஜே.சி. ரோட்டுக்கு ஆட்டோவில் போனோம். வீல் சிலிண்டர் இரண்டு, ஷூ ஒரு செட், ஆயில் அரை லிட்டர், எல்லாம் 2,150 ரூபாய். ஒரு பக்கம்தானே ஒழுகுகிறது என்று சித்தப்பா பேரம் பேசப் பார்த்தார். ஒரு பக்கம் புது ஷூ, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார்.

பாயைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. ஒரு மணி நேரம் என்றார், ஐந்தரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு ஆட்டோ கிளட்ச், ஒரு பிரியாணி. டிரம்முக்குள் இருந்த தூசியை ஏர் ஹோஸால் ஊதினார், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது டிக்கியிலிருந்த அந்தப் பாதி பாட்டிலைத்தான் கையில் எடுத்தார். வேண்டாம் பாய், திறந்து மூன்று மாதம் ஆகிறது, சீல் உடைக்காததை ஊற்றுங்கள் என்றேன். "மேடம் வெளிநாடா?" என்று சித்தப்பாவிடம் கேட்டார். ஆனாலும் புதிதைத்தான் திறந்தார். நான் பெடலை மிதிக்க, அவர் நிப்பிளைத் திறந்து மூட, தண்ணீர் பாட்டிலில் செருகிய டியூபில் முதலில் கறுப்பும் குமிழியுமாக வந்து, கடைசியில் தேன் நிறத்தில் வந்தது. நான்கு வீலுக்கும். பழைய ஆயிலை அவர் சாக்கடையில் ஊற்றியபோது நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

கூலி 900. பில் கிடையாது, கை நீட்டினால் க்யூஆர் அட்டை உண்டு.

டப்பா மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதினேன். சித்தப்பாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஆயில் ஊற்றக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோ மட்டும் அனுப்ப வேண்டும். ஐந்து வாரமாக ஒழுங்காக அனுப்புகிறார். நேற்று வந்த படத்திலும் ஆயில் கோட்டை விட்டு நகரவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில், ரேடியேட்டர் ஹோஸ் மாட்டும் இடத்தில், பச்சையாக ஏதோ காய்ந்து போயிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"அதுவா? அதுக்கு அப்பப்போ தண்ணி ஊத்திடுவேன்" என்றார்.